நம்பிக்கை இல்லை, நன்றி

மச்சானின் வலது கால் பெருவிரல் வெந்துபோயிருந்ததை முதலில் பார்த்தது அக்காதான். அவர் கவனிக்கவில்லை. அவருக்கு வலிக்கவும் இல்லை.

கார் உதிரிப்பாகங்களை ஏற்றிக்கொண்டு ஈப்போவிலிருந்து தஞ்சோங் மாலிம் தொழிற்சாலைக்குப் போகிற லாரியை ஓட்டுகிறவர் அவர். பழைய வண்டி. எஞ்சின் சூடு தரைத்தகடு வழியாக மேலே ஏறும். மச்சான் ரப்பர் சிலிப்பர் போட்டுக்கொண்டுதான் ஓட்டுவார். இனிப்பு நீர் என்று நாங்கள் சொல்கிற சர்க்கரை நோய் வந்து பல வருஷமாகி, பாதத்தில் உணர்ச்சி போய்விட்டிருந்தது. தகடு சுட்டது காலுக்குத் தெரியவில்லை. ஒருநாள் சிலிபின் பகுதியில் இருந்த அவர் வீட்டு வாசலில் குழாயைத் திறந்து கால் கழுவும்போது சிலிப்பரின் பட்டை விரலோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.

"என்னங்க இது?" என்றாள் அக்கா.

"எது?" என்றார் அவர்.

நான் அங்கே இருந்தேன். பட்டையோடு தோலும் உரிந்து வந்தது. வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல மச்சான் அதைக் குனிந்து பார்த்தார்.

அவருக்கு டாக்டர் என்றால் டவுனில் கிளினிக் வைத்திருக்கும் ஒரு வயதான சீனர்தான். தமிழ் டாக்டர்களிடம் போகமாட்டார். நம்ம ஆள் நம்மைத் திட்டுவான் என்பார். சீனரிடம் ஏன் போகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "அவனுக்கு நம்ம மேல அக்கறையே கிடையாது மச்சான். அக்கறை இல்லாதவன் எதுக்குப் பொய் சொல்லப் போறான்?" என்றார். அந்த டாக்டர் விரலைத் தொடவே இல்லை. எட்ட நின்று பார்த்துவிட்டு, இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்றார். மச்சான் வீட்டுக்கு வந்து மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டார்.

அவர் பிறந்து வளர்ந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். இப்போது அங்கே ரப்பரும் இல்லை, அதற்குப் பிறகு வந்த செம்பனையும் இல்லை. வரிசை வீடுகள் நிற்கின்றன. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் கிடையாது, மருந்து கொடுத்துக் கட்டுப் போடுகிற டிரசர்தான். எந்த நோயோடு போனாலும் அவர் ரோஸ் நிறத்தில் ஒரு தண்ணீரைக் கொடுப்பாராம். "வயித்து வலிக்கும் அதான், தலைவலிக்கும் அதான். கல்யாணம் ஆகலன்னு போய் நின்னிருந்தாலும் அதத்தான் ஊத்திக் குடுத்திருப்பான் லா" என்று மச்சான் சிரித்துக்கொண்டு சொல்வார். சிரிக்காமல் சொல்வது இன்னொன்று உண்டு. மேலே கை வைப்பதற்கு முன்னால் டிரசர் கேட்கிற முதல் கேள்வி: "நேத்து குடிச்சியா?" மச்சான் வீட்டில் யாரும் குடித்ததில்லை. இல்லீங்க என்று சொன்னால் பொய் சொல்லாதே என்று ஒரு சத்தம் வரும். சரிங்க என்று சொல்லிவிட்டால் மருந்து சீக்கிரம் கிடைக்கும். எல்லாரும் சரிங்க என்றார்கள். எதற்கும் சரிங்க என்று சொல்கிற பழக்கம் அவருக்கு அங்கே வந்தது.

டவுனுக்கு வந்த பிறகும் ஒன்று நடந்தது. இனிப்பு நீர் மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றிருந்தார். தலை சுற்றியது, பேச்சு குழறியது. கவுண்டரில் இருந்தவர் பக்கத்தில் இருந்தவரிடம் "மாபோக் கா?" என்று கேட்டார். குடித்திருக்கிறானா என்று அர்த்தம். அவர் கேட்டது மச்சானிடம்கூட இல்லை. மச்சான் திரும்பி நடந்து, வெளியே ஒரு கடையில் இனிப்புத் தண்ணீர் வாங்கிக் குடித்து, தரையில் உட்கார்ந்து தெளிந்து, வீட்டுக்கு வந்துவிட்டார். அதன் பிறகு அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது என்றால் அக்கா அழவேண்டும். பெருவிரல் கறுத்து, வீட்டுக்குள் வாடை வர ஆரம்பித்த பிறகு அழுதாள். போனோம்.

எந்த ஆஸ்பத்திரி என்று நான் எழுதப்போவதில்லை. அங்கே யாரும் தப்பு செய்யவில்லை என்பதும் ஒரு காரணம்.

வார்டில் மச்சானைப் பார்த்த டாக்டர் ஒரு இளம் மலாய்க்காரப் பெண். கட்டிலுக்குக் கீழே குந்தி உட்கார்ந்து, அவருடைய பாதத்தை இரண்டு கையிலும் ஏந்தி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு நேராகச் சொன்னாள். பெருவிரலை எடுத்துவிட்டால் கால் நிற்கும். விரலைக் காப்பாற்ற நினைத்தால் கால் போகும். காத்திருந்தால் முழங்காலுக்கு மேலே போகவேண்டி வரும். மலாயில்தான் சொன்னாள், மச்சானுக்கு மலாய் நன்றாகத் தெரியும். ஆனாலும் அவர் என்னைப் பார்த்தார். நான் தமிழில் ஒருமுறை சொன்னேன்.

"இந்தப் பொண்ணு குடிச்சியான்னு கேக்கல, பாத்தியா மச்சான்?" என்றார்.

"பார்த்தேன்."

"காலக் கையில புடிச்சிச்சு."

அன்று மாலைக்குள் சம்மதித்துவிட்டார். அவர் சொன்ன "சரிங்க"க்களில் அது வேறு மாதிரி இருந்தது. மறுநாள் காலையில் விரலை எடுப்பது என்று முடிவாயிற்று. அக்கா வீட்டுக்குப் போய், இரண்டு வாரத்தில் முதல் முறையாக ஒழுங்காகச் சமைத்தாள்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு சீனக் கிழவர். காப்பிக்கடையில் மீ நூடுல்ஸ் விற்றுக்கொண்டிருந்தவர். அவருக்கும் கால்தான். மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடுகிற நர்ஸ் மாத்திரை கொடுத்துவிட்டுப் போனதும் கைப்பேசியை எடுத்து, மாத்திரையைப் படம் பிடித்து, கைப்பேசியிடம் கண்டனீஸ் சீனத்தில் ஏதோ கேட்பார். அது பதில் சொன்ன பிறகுதான் வாயில் போடுவார். டாக்டர் சொன்னதையும் அப்படியே கேட்பார். அந்த வார்டில் மருந்தைப் பற்றி அதிகம் தெரிந்தவர் தானும் தன் கைப்பேசியும்தான் என்று அவருக்கு எண்ணம். மச்சானை அவர் விசாரணை செய்ததை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பேச்சு முழுவதும் பாசார் மலாயில், கடைத்தெருவில் எல்லோரும் பேசுகிற கலப்பு மலாய்.

"டாக்டரை நம்பமாட்டே. ஏஐ-யை நம்பமாட்டே. லூ பெர்ச்சாயா சியாப்பா?" பிறகு நீ யாரைத்தான் நம்புவாய் என்று கேட்டார்.

"நாலு நம்பர்" என்றார் மச்சான். லாட்டரியைச் சொன்னார்.

கிழவர் இருமி இருமிச் சிரித்தார். அதுவும் ஏமாற்றும் என்றார். "ஆனா அது நான் கேக்காம என் கால வெட்டாது லா" என்றார் மச்சான். வார்டில் அவர் பேசி மற்றவர்கள் சிரித்தது அன்றைக்குத்தான்.

அந்த வார்டில் ஒரு மிஷின் இருந்தது. சக்கரம் வைத்த கம்பத்தின் உச்சியில் ஒரு திரை. புண்ணுக்கு நேராக நிறுத்தினால் படம் எடுத்து, புண் எவ்வளவு ஆழம், எங்கே வரை பரவியிருக்கிறது, ஆறுமா என்று சொல்லும். டாக்டரும் பார்ப்பார், மிஷினும் பார்க்கும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அது நோயாளியிடம் ஒரு கேள்வி கேட்கும். தான் சொன்னதை நம்புகிறாயா என்று. இரண்டு பொத்தான்கள் வரும், ஒன்றை அழுத்தவேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்காக எல்லாவற்றையும் வாய்விட்டும் சொல்லும். முதலில் மலாய், ஆங்கிலம், சீனம் மட்டும்தான் இருந்ததாம். தமிழர்கள் இத்தனை பேர் காலோடு வந்து கால் இல்லாமல் போகிறார்கள், அவர்களுக்கும் புரியவேண்டும் என்று யாரோ கேட்டு வாங்கித் தமிழைச் சேர்த்திருந்தார்கள். அந்த யாரோ நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சீனக் கிழவரிடம் மிஷின் சீனத்தில் கேட்டது. அவர் நம்பவில்லை என்று அழுத்தினார். "கவர்மெண்ட் மிஷின், மலிவு சாமான் லா" என்று காரணமும் சொன்னார். மிஷின் அதைத் திருப்பிச் சொல்லி நன்றி சொன்னது. அவர் பிஸ்கட்டைக் காப்பியில் தோய்த்துத் தின்றார். எதிர்க் கட்டிலில் பாகான் டத்தோவிலிருந்து வந்த ஒரு மலாய்க்காரர் இருந்தார், தென்னந்தோப்பு வைத்திருக்கிறவர். அவரும் நம்பவில்லை என்றே அழுத்தினார். "தாக் பெர்ச்சாயா" என்று மிஷின் உரக்கச் சொன்னதும் வார்டே சிரித்தது. இரண்டு பேருக்கும் மறுநாள் செய்யவேண்டியதைச் செய்தார்கள். இரண்டு பேரும் அவரவர் காலோடு வீட்டுக்குப் போனார்கள்.

பிறகு மச்சானிடம் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அப்போது நான் அங்கே இல்லை. நடந்ததை மச்சானிடமும் அக்காவிடமும் டாக்டரிடமும் தனித்தனியாகக் கேட்டு அடுக்கினேன். நாற்பது வருஷப் பத்திரிகைப் பழக்கம்.

மிஷின் தமிழில் சொன்னது நல்ல செய்தி. விரலை அகற்றினால் பாதத்தைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம் என்று சொல்லியிருக்கிறது. டாக்டர் சொன்னதும் அதுதான். பிறகு கேள்வி: இந்தக் கணிப்பில் உங்களுக்கு நம்பிக்கை உள்ளதா? மச்சான் வழக்கம்போல டாக்டரின் முகத்தைப் பார்த்திருக்கிறார், எதை அழுத்தினால் அவளுக்குப் பிடிக்கும் என்று. அவள், "எனக்காக அழுத்தாதீங்க அங்கிள். மனசுல இருக்கிறதை அழுத்துங்க. யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க" என்றிருக்கிறாள். மச்சான் யோசித்திருக்கிறார். அந்தப் பெண்ணை அவர் நம்பினார், மிஷினை நம்பவில்லை. அதுதான் உண்மை. அதிகாரத்தில் இருக்கிற ஒருவர் கேட்டு, அவர் உண்மையைச் சொன்னது அநேகமாக அதுதான் முதல் தடவை. அழுத்தினார்.

மிஷின் அதைத் திருப்பிச் சொன்னது. வானொலியில் செய்தி வாசிக்கும் பெண்ணைப் போன்ற, திருத்தமான குரல்.

"நம்பிக்கை இல்லை. பதிவு செய்யப்பட்டது. நன்றி."

அக்கா ரசமும் சோறும் கொண்டுவந்து, கட்டிலைச் சுற்றிய திரைச்சீலைக்கு வெளியே அப்போதுதான் வந்து நின்றிருந்தாள். முன்னால் சொன்னது எதுவும் அவள் காதில் விழவில்லை. இது விழுந்தது.

சாப்பாட்டுத் தூக்கோடு அப்படியே திரும்பி லிஃப்ட் பக்கம் போய் எனக்குப் போன் செய்தாள்.

"தம்பி, நம்பிக்கை இல்லன்னு சொல்லிட்டாங்கடா."

"யாரு சொன்னா? டாக்டரா?"

"மிஷினு."

"மிஷினு எப்படிக்கா சொல்லும்? நீ என்ன கேட்டே?"

"தமிழ்ல சொல்லுச்சுடா" என்றாள். அதற்கு மேல் ஒரு சான்று வேண்டுமா என்கிற மாதிரி இருந்தது குரல்.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். எங்கள் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எல்லாம் மலாயில்தான் நடந்தது. ஊசி, சாப்பாடு, அதட்டல், வேடிக்கைப் பேச்சு எல்லாம். ஒரு மத்தியானம் மிஸ்ஸி போய்த் தள்ளுவண்டி தள்ளுகிற ஒரு தமிழரைக் கூட்டிவந்தாள். அவர் இரண்டு கையையும் முன்னால் கட்டிக்கொண்டு அக்காவிடம் சொன்னார்: "நம்பிக்கை இல்லம்மா. சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லி அனுப்பிருங்க." இந்த மாநிலத்தில் என் தலைமுறைத் தமிழர் பலருக்கு இப்படி ஒரு தள்ளுவண்டிக்காரர் உண்டு. ஆஸ்பத்திரியில் நம்முடைய மொழியைத் தேடி யாராவது போகிறார்கள் என்றால் இனிமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று பொருள். அதே மொழி, அதே இரண்டு சொல். அக்கா தவறாகக் கேட்கவில்லை. சரியாகவே கேட்டாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தாள். முகத்தைக் கழுவியிருந்தாள். விஷயம் விளங்க எனக்குக் கொஞ்ச நேரம்தான் ஆயிற்று.

பத்திரிகையில் இருந்தவனுக்கு இந்தச் சொல்லோடு பழைய உறவு உண்டு. தலைப்புக்கு இடம் போதாவிட்டால் 'அமைச்சர் நம்பிக்கை' என்று போட்டுவிடுவோம். அமைச்சர் எதையோ நம்புகிறாரா, எதற்கோ ஆசைப்படுகிறாரா, யார்மீதோ உறுதியாக இருக்கிறாரா என்று எந்த வாசகரும் கேட்டதில்லை. மூன்றுக்கும் தமிழில் அந்த ஒரு சொல்தான். ஒரு பத்தியில் அடங்கும், மேலேயும் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். இதை ஒரு வசதி என்றே நாங்கள் நினைத்திருந்தோம்.

நடந்தது செய்திப் பிழை, ஒரு திருத்தம் போட்டால் முடிந்தது என்று எண்ணி அக்காவிடம் விளக்கினேன். மிஷின் கேள்விதான் கேட்டது. பதில் மச்சானுடையது. அதைத்தான் அது திருப்பிச் சொன்னது. உண்மையில் அது நல்லபடியாகத்தான் சொல்லியிருக்கிறது.

அக்கா முழுவதும் கேட்டாள். பிறகு என்னைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள்.

"அவரு முன்னாடி நீ மறைக்கிறது சரிதான். என்கிட்டயும் மறைக்கிறியா?"

"மறைக்கலக்கா. சத்தியமா."

"அப்பாவுக்கும் இப்படித்தான் நீ கட்டிலுகிட்ட நின்னு நல்லாயிரும்னு பேசுனே."

பேசினேன். எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள். நான் கூடுதலாக விளக்க விளக்க, அது மறைப்பதைப்போலவே இருந்தது. திருத்தங்களைப் பத்திரிகையில் எந்த மூலையில், எவ்வளவு சின்ன எழுத்தில் போடுவோம், யார் அதைப் படிப்பார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். மறந்துவிட்டிருந்தேன்.

உள்ளே திரும்பி வந்தபோது மச்சானும் மாறியிருந்தார். நாங்கள் வெளியே போய்ப் பேசியதை அவர் பார்த்திருந்தார். தான் அழுத்திய பொத்தான், தானே கொடுத்த பதில் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அப்படியும் கேட்டார்.

"மச்சான், நெசத்தச் சொல்லு. நான் அழுத்துனதத்தான் அது சொல்லுச்சா? இல்ல, அதுவாச் சொல்லுச்சா?"

"நீங்க அழுத்தினதுதான்."

"அப்புறம் எதுக்கு நன்றி சொன்னுச்சு?"

சீனக் கிழவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். என்ன சண்டை என்று கேட்டார். மிஷின் சொன்னதில் சந்தேகம் என்றேன். என் கைப்பேசியிடம் கேட்கலாமே, இப்போதே கேட்கிறேன் என்று அதை எடுத்தார். அக்கா அதைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"இன்னொண்ணா?" என்றாள். "வேணாம் அங்கிள். ஒண்ணு சொன்னது போதும்."

அவள் கடைசியாகச் சொன்னதற்கு எதிராக வாதம் செய்ய முடியாது. "நீ சொல்றதே சரின்னு வச்சுக்க. நாளைக்குக் கத்தி வைக்கப் போறாங்க. இன்னைக்கு அந்த இடத்துல அந்தச் சொல்லு விழுந்திருச்சு. அதுவும் அவரு கையால. அதுக்கு மேல நான் எப்படிடா அவர உள்ள அனுப்புவேன்?"

அவள் படிக்காதவள் இல்லை. உயர்நிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை படித்து, தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தவள். மிஷின் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் கத்திக்கு முந்தின நாள் அப்படி ஒரு சொல்லை எங்கள் வீடுகளில் யாரும் வாயில் எடுக்கமாட்டார்கள். போய்வருகிறேன் என்று சொல்லாமல் போகிறேன் என்று சொன்னாலே திரும்பக் கூப்பிட்டு உட்காரவைக்கிற ஆட்கள் நாங்கள்.

"செத்தா முழுசாச் சாவுறேன் லா" என்றார் மச்சான்.

சொந்தப் பொறுப்பில் வீட்டுக்குப் போகிறோம் என்று கையெழுத்துப் போடவேண்டும். டாக்டர் ஓடிவந்தாள். அவள் கெஞ்சியதை நான் பார்த்தேன். வேறு ஒரு டாக்டர் கோபப்பட்டிருப்பார், அது எங்களுக்குப் பழக்கமானது. இவள் என்னைத் தனியே அழைத்து, என்ன நடந்தது, நான் என்ன தப்பு செய்தேன் என்று கேட்டாள். மலாயில் விளக்கினேன். உங்களுக்குப் பெர்ச்சாயா என்று ஒரு சொல் இருக்கிறது, ஹராப்பான் என்று வேறு ஒரு சொல் இருக்கிறது. ஒன்று ஆளை நம்புவது. மற்றது பிழைப்பான் என்று நம்புவது. சீனர்களுக்கும் இரண்டு உண்டு. எங்களுக்கு இரண்டும் ஒன்று. மிஷின் சொன்னது முதலாவது. என் அக்கா காதில் விழுந்தது இரண்டாவது.

அவள் இரண்டு சொல்லையும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். முகம் மாறியது.

"அப்படியானால் தமிழில் எப்படிக் கேட்டிருக்கவேண்டும்?"

வாழ்நாள் முழுவதும் தமிழைத் திருத்திச் சம்பளம் வாங்கியவன் நான். அந்த நேரத்தில் ஒன்றும் தோன்றவில்லை. அவர்களை ஏற்றிக்கொண்டு சிலிபினுக்குக் கார் ஓட்டிக்கொண்டிருக்கும்போது தோன்றியது. நம்புறீங்களா என்று கேட்டிருக்கலாம். நம்பல என்று மச்சான் சொல்லியிருப்பார். நம்பல என்றால் நம்பல, அவ்வளவுதான், அதில் சாவு இல்லை. பின்னால் அக்கா அவருடைய காலை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் நடந்தவற்றை நீட்டி எழுத விருப்பமில்லை. சீன மருந்துக்கடையிலிருந்து ஒரு கறுப்பு எண்ணெய் வந்தது. கோயிலிலிருந்து கயிறு வந்தது. லாரி ஓட்டுகிற மலாய்க்கார நண்பர் ஒருவர் வந்து, ஓதிய தண்ணீர் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போ என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். எல்லோருக்கும் மச்சான் சரி என்றார். வாடைக்குச் சாம்பிராணி போட்டார்கள். இரண்டும் கலந்து தெருவரைக்கும் வந்தது. டாக்டர் எனக்கு இரண்டு முறை போன் செய்தாள். அது அவளுடைய வேலை இல்லை. அவள் சொன்னதை நான் அக்காவிடம் சொன்னேன். "அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு" என்றாள் அக்கா, பேச்சை முடிக்கிற குரலில்.

பிறகு காய்ச்சல் வந்தது. மச்சான் கட்டிலில் படுத்தபடி வலது காலால் இல்லாத பிரேக்கை மிதிக்க ஆரம்பித்தார். ஆம்புலன்சை நான் கூப்பிட்டேன். அக்கா தடுக்கவில்லை.

முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். டாக்டர் முதல் நாள் சொன்னபடியே.

அவள் அப்போது அங்கே இல்லை, வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டாள். பக்கத்துக் கட்டிலில் வேறு ஆள். மிஷின் மட்டும் இருந்தது. கட்டுப் பிரித்த அன்று அதைத் தள்ளிக்கொண்டு வந்து, தையல் போட்ட தொடைக்கு நேராக நிறுத்தினார்கள். படம் எடுத்தது. தொற்று இல்லை, ஆறிவருகிறது என்று அதே திருத்தமான தமிழில் சொன்னது. கடைசியில் அதே கேள்வியைக் கேட்டது. யாரும் எதையும் மாற்றியிருக்கவில்லை. மாற்றவேண்டும் என்று எழுதி அனுப்பியிருந்தேன். வந்து சேர்ந்தது என்று ஒரு பதில் வந்தது.

மச்சான் திரையைப் பார்த்தார். கை எழவில்லை. அக்கா அவருடைய ஆட்காட்டி விரலைப் பிடித்து, குழந்தைக்கு எழுத்துப் போடுவதுபோலக் கொண்டுபோய், மேலே இருந்த பொத்தானில் வைத்து அழுத்தினாள்.

"நம்பிக்கை இருக்கிறது. பதிவு செய்யப்பட்டது. நன்றி."

அக்கா கண்ணை மூடிக் கும்பிட்டாள். "கேட்டியாடா தம்பி?" என்றாள். கேட்டேன்.

மிஷினைத் தள்ளிவந்த மிஸ்ஸி பழைய பதிவைப் பார்த்திருப்பாள் போல. சந்தோஷமாக மச்சானின் தோளைத் தட்டினாள். "அங்கிள் சூடா பெர்ச்சாயா!" என்றாள். அங்கிள் இப்போது நம்புகிறார். விளக்கலாம் என்று நினைத்தேன். யாருக்கு, எதற்கு என்றும் நினைத்தேன். இனி எங்கேயோ ஒரு கணக்கில், தமிழ் நோயாளி ஒருவருக்கு இந்த மிஷினைப் பற்றிய நம்பிக்கை முன்பைவிடக் கூடியிருக்கும்.

அக்கா தண்ணீர் எடுக்கப் போனாள். நான் குனிந்து மச்சானிடம் மெதுவாகக் கேட்டேன். வினைச்சொல்லைத்தான் பயன்படுத்தினேன்.

"இத நம்புறீங்களா?"

அவர் போர்வைக்கு வெளியே தெரிந்த இடது பாதத்தைப் பார்த்தார். அதிலும் உணர்ச்சி கிடையாது.

"அன்னைக்கு ஒரு நாளுதான் மச்சான் மனசுல உள்ளத அழுத்துனேன்" என்றார். "இன்னும் ஒரு காலு இருக்கு லா. இனிமே யாரு என்ன கேட்டாலும் சரிங்கதான்."

மிஸ்ஸி போகிற போக்கில் திரும்பி, வலிக்கிறதா அங்கிள் என்று மலாயில் கேட்டாள். மச்சானின் கை போர்வைக்குள் தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. நெற்றியில் வேர்த்திருந்தது.

"ஓகே, மிஸ்ஸி" என்றார். "ஒண்ணும் இல்ல. ஓகே."